காற்றடிக்கும் கயாக் நம்ம கண்மாய்க்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் கடலுக்கும் மலை ஏரிக்கும் எழுதிய விமர்சனங்களை மட்டும் படித்துவிட்டு வாங்கினால் முதல் நாளே முள் குத்தி மூலையில் கிடக்கும். கயாக் என்றால் துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு, இது காற்றடித்து மிதக்கவிடும் வகை. யூடியூபில் இதைப் பற்றி எவ்வளவோ பேர் பேசியிருக்கிறார்கள். சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிவகங்கைச் சீமையில் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

தேவகோட்டையில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கியது இது. ரூ. 20,000-க்குள் ஆனது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லப்போவது அந்த வகைக்கே பொருந்தும். இரண்டு பேர் உட்காரலாம். 3 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். பையோடு 17 கிலோ. தாங்கும் எடை 180 கிலோ என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உருண்டைக் குழாய், நடுவில் தட்டையான தரை. அந்தத் தரைக்குள்ளே மேல்துணியையும் கீழ்த்துணியையும் நெருக்கமான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் எவ்வளவு அழுத்திக் காற்றடித்தாலும் உப்பாமல் பலகை மாதிரி விறைத்து நிற்கும். ‘டிராப் ஸ்டிச்’ தரை என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவுச் சாமான்களும் விற்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் நடு குழிந்துவிடும், துடுப்புப் போட்டாலும் படகு நகராமல் நெளியும்.

கல்லல் பக்கம் சித்தப்பா தோப்பை ஒட்டி ஒரு கண்மாய் இருக்கிறது. தை மாதம் சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, மீன்பிடித்து, இந்தக் கயாக்கை நன்றாக வேலை வாங்கிப் பார்த்தோம். நான், தம்பி, எட்டாவது படிக்கும் என் மகள். தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிரம்பும். மறுகால் பாயும், அதாவது நிரம்பி வழியும் நாட்களில் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கம் இழுப்பு பலமாக இருக்கும், அப்போது எந்தப் படகையும் இறக்கக் கூடாது. தையில் தண்ணீர் தெளிந்து அசையாமல் நிற்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். பங்குனிக்கு மேல் பல கண்மாய்களில் முழங்கால் அளவுதான் மிஞ்சும். கயாக்குக்கு நம் ஊரில் காலம் அவ்வளவுதான். வருடம் முழுக்க ஓட்டலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய் வேறு, ஊருணி வேறு. ஊருணித் தண்ணீர் ஊர் குடிப்பதற்கு. காலில் செருப்போடு இறங்கவே விடமாட்டார்கள், அதில் படகை இறக்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். கண்மாயிலும் மீன்பாசியை, அதாவது மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார். அந்த மீன் அவருடையது. தூண்டில் போடுவதற்கு முன்னால் அவரைத் தேடிப் போய்க் கேட்டுவிடுவதுதான் முறை. நாங்கள் கேட்டபோது, “வளப்புக் குஞ்சு விட்ருக்கேன் டீச்சர், கட்லா, ரோகு மாட்டுனா விட்ருங்க. வெராலு, கெண்டை எடுத்துக்கங்க” என்றார். அதன்படியே செய்தோம்.

காற்றடிக்கும் வேலை பெரிதில்லை. கூடவே கைப்பம்பு தருகிறார்கள். இழுத்தாலும் அமுக்கினாலும் காற்றுப் போகிற வகை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் தோள் வலிக்கும். பக்கக் குழாய்களுக்கு 1.5 பிஎஸ்ஐ, தரைக்கு 7 பிஎஸ்ஐ என்று வால்வுப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு. பம்போடு வந்த மீட்டரில் எனக்கு நம்பிக்கை இல்லை. முள் 5-க்குக் கீழே அசையவே மாட்டேன் என்கிறது, பிறகு ஒரேயடியாகத் தாவுகிறது. 1.5 என்ற அளவை அதில் எப்படிப் பார்ப்பது? தனியாக ஒரு நல்ல மீட்டர் வாங்கியே தீர வேண்டும். இந்த விலைக்கு அதையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கலாம்.

மீட்டரை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெயில். காலை ஆறு மணிக்கு 22 டிகிரிக் குளிரில் காற்றடிக்கிறோம். பத்தரை மணிக்கு டீ குடிக்கக் கரையில் இழுத்துப் போடுகிறோம். கறுப்பும் கருநீலமுமான அந்தத் துணி வெயிலில் 60 டிகிரி வரை சுலபமாகப் போகும். பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கெல்வினில் 295 என்பது 333 ஆகிறது, ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதல். அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். ஆனால் அந்த விகிதம் பொருந்துவது மொத்த அழுத்தத்துக்கு, அதாவது வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயையும் சேர்த்து. தரையில் 7 இருந்தது 10-ஐ நெருங்கும். பக்கக் குழாயில் 1.5 இருந்தது 3.5-க்கு மேல் போகும், இரண்டு மடங்குக்கும் அதிகம். துணி கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் ஏறும். இருந்தாலும் ஒட்டு விடுவதற்கு அது போதும். எல்லோரும் தரையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வெடிக்கக் காத்திருப்பது பக்கக் குழாய்தான். தண்ணீரில் இருக்கும் வரை பயமில்லை, கண்மாயே குளிர்வித்துக்கொள்ளும். கரையேற்றினால் நிழலில் போடுங்கள். நிழல் இல்லையென்றால் வால்வை ஒருமுறை அமுக்கிக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, ராத்திரிப் பனியில் விட்டால் காலையில் தொளதொளவென்று இருக்கும். ஓட்டை என்று பயந்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி அப்படித்தான் பதறினான். பத்து முறை பம்பு அடித்ததும் சரியாகிவிட்டது.

இப்போது முள். நம் கண்மாய்களின் உள்வாயில் நாட்டுக் கருவேலம் வளர்த்திருக்கிறார்கள். சீமைக் கருவேலம் தானாகவே வளர்ந்திருக்கிறது. கோடையில் வெட்டி அள்ளியது போக மிச்சக் கிளைகள் தரையிலேயே கிடக்கும், மழை வந்ததும் தண்ணீர் அதை மூடிவிடும். மேலே இருந்து பார்த்தால் அல்லிப் பூவும் தெளிந்த தண்ணீரும்தான் தெரியும். அரை அடிக்குக் கீழே ஒரு விரல் நீள முள் நிமிர்ந்து நிற்கும். ஆழத்தில் இது பிரச்சினையே இல்லை, கயாக் நாலு விரற்கடைத் தண்ணீரில் மிதந்து போய்விடும். ஆபத்து எல்லாம் இறங்குகிற இடத்திலும் ஏறுகிற இடத்திலும்தான். எடையோடு தரையில் உராயும்போது துணி கிழியும்.

இறங்குவதற்கு மாடு தண்ணீர் குடிக்கும் துறையைப் பாருங்கள். நூறு குளம்பு மிதித்த தரையில் முள் நிமிர்ந்து நிற்காது. நாங்கள் அங்கேதான் இறக்கினோம். கணுக்கால் வரை தடிமனான அடிப்பாகம் உள்ள ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீர் வரை கயாக்கைத் தூக்கிப் போய், அதற்கப்புறம்தான் ஏறினோம். வெறுங்காலில் இறங்கவே கூடாது. சேற்றோடு கயாக்குக்குள் ஏறும்போது ஷூவில் குத்தியிருக்கும் முள் தரையைக் குத்தும் என்பதால், ஏறுவதற்கு முன்னால் அடிப்பாகத்தைத் தண்ணீரில் அலசிப் பார்த்துக்கொண்டோம்.

அப்படியும் ஒன்று குத்தியது. சனிக்கிழமை மத்தியானம், கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு சந்து வழியாகப் போனபோது, தண்ணீர் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை இடதுபக்கக் குழாயில் இழுத்தது. சத்தம்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முழங்கை வழக்கத்தைவிடத் தாழ்ந்து உட்கார்ந்தது. இந்த இடத்தில் கயாக்கைப் பாராட்ட வேண்டும். மூன்று அறைகளும் தனித்தனி. ஒரு பக்கக் குழாய் முழுக்கத் தொய்ந்தும் தரையும் மறுபக்கமும் எங்கள் மூன்று பேரையும் நனையாமல் கரை சேர்த்தன. சோப்புத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் தடவினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை, குண்டூசித் தலையளவுகூட இல்லை. துடைத்து, காயவைத்து, கூடவே கொடுத்த ஒட்டுத் துண்டைப் பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு தட்டையான கல்லை வைத்தோம். பசை முழுக்கப் பிடிக்க ஒரு நாள் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதனால் அன்று சாயங்காலம் இறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டது, இன்று வரை பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சாயங்காலம் கரையில் இருந்தபோது பார்த்த ஒன்று இந்த விமர்சனத்துக்கே முக்கியமானது. குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் வலையைப் பார்க்கத் தெர்மாகோல் பலகையில் வந்தார். இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்து வைத்து, பழைய உரச் சாக்கால் சுற்றிச் சுற்றித் தைத்து, மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கருவேலத்துக்குள் சர்வசாதாரணமாக நுழைந்து வெளியே வந்தார். “சாக்கு இருந்தா முள்ளு வழுக்கிட்டுப் போயிரும் டீச்சர். ஒங்க ரப்பரு மேல ஒண்ணு போத்தி விடுங்க, அப்புறம் பயப்படாதீக” என்றார். மறுநாள் சித்தப்பா வீட்டு நெல்லுச் சாக்கு இரண்டைப் பிரித்து, பக்கக் குழாய்களின் வெளிப்பக்கம் மூடும்படி போட்டு, கைப்பிடி வளையங்களில் கட்டிவிட்டோம். வேகம் கொஞ்சம் குறைந்தது, நனைந்த சாக்கு கனத்தது, ஆனால் கிளை உராயும்போது துணியில் படாமல் சாக்கில் பட்டு விலகியது. கம்பெனிக்காரர்கள் கெட்டித் துணியில் உறை ஒன்று தைத்து விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

மீனுக்கு வருகிறேன். விரால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முள்ளும் இருக்கிறது. அல்லி இலைக்கு அடியிலும், கருவேல வேரோரத்திலும், கோரைக்குள்ளும்தான் அது ஒதுங்கும். கரையிலிருந்து எறிந்தால் எட்டாத இடம். கயாக்கின் அருமை இங்கேதான் தெரிகிறது. சத்தமில்லாமல் பத்தடிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால், இலைகள் லேசாக விலகி ‘பளக்’ என்று ஒரு குமிழி உடையும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ரப்பர் தவளையை எறிந்து, இலைமேல் இழுத்து இழுத்து நிறுத்த வேண்டும். ரப்பர் தவளையின் கொக்கி முதுகை ஒட்டி மேல்நோக்கி இருக்கும். கொடியிலும் சிக்காது, கயாக்கையும் சட்டென்று குத்தாது. மூன்று முனைக் கொக்கி போட்ட பிளாஸ்டிக் மீன்களை இந்தக் கயாக்கில் ஏற்றவே வேண்டாம்.

காலையில் தம்பிக்கு முக்கால் கிலோ இருக்கும் விரால் ஒன்று மாட்டியது. மகளுக்கு மண்புழுவில் ஜிலேபிக் கெண்டைகள். இன்னொரு இடத்தில் தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று ஒரு கொத்து நுணுக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் இருக்கும், அந்த நேரம் எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். அதனாலேயே பலர் குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். பெரியது போனால் அந்தக் குஞ்சுகள் ஒரு பொழுதுக்குள் மற்ற மீன்களுக்கு இரை. தயவுசெய்து துடுப்பைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுங்கள்.

பிடித்த மீனைக் கயாக்கில் எங்கே வைப்பது என்பதும் ஒரு கேள்வி. கெளுத்தியின் பக்கத் துடுப்பு முள் குழாயைக் குத்திவிடும், கையையும் கடுக்க வைக்கும். ஜிலேபியின் முதுகு முள்ளும் சும்மா இல்லை. மூடி போட்ட காலிப் பெயிண்ட் வாளிதான் சரி. மூடி கட்டாயம், விரால் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

மீன்பிடிக்க இந்தக் கயாக்கில் ஒரு பெரிய குறை உண்டு. அது தண்ணீருக்கு மேலே உயரமாக மிதப்பதால் காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளுகிறது. பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்கவே முடியவில்லை. எறிந்துவிட்டு நிமிர்வதற்குள் இருபதடி நகர்ந்திருக்கும். ஒரு செங்கல்லைப் பழைய வலைத் துணியில் போட்டு நைலான் கயிற்றில் கட்டி நங்கூரமாக இறக்கினோம், நின்றது. பின்பக்க அடியில் மாட்டும் துடுப்புத் தகடு நேராகப் போக உதவும் என்கிறார்கள். திறந்த தண்ணீரில் உண்மைதான். அல்லிக்கொடிக்குள் நுழைந்தால் அது பத்து கிலோ கொடியை இழுத்துக்கொண்டு வரும். கொடி உள்ள பக்கம் கழற்றி வைத்துவிடுங்கள். அப்போது கயாக்கின் மூக்கு இப்படியும் அப்படியும் ஆடும், சின்னச் சின்னதாகத் துடுப்புப் போட்டால் கைக்கு வந்துவிடும்.

இருக்கை சுமார். முதுகுச் சாய்வின் பட்டை அரை மணிக்கு ஒருமுறை தளர்கிறது. மூன்றாவதாக என் மகள் நடுவில் உட்கார்ந்தாள், எடைக் கணக்கில் தாங்கினாலும் மூன்று பேருக்கு இடம் நெருக்கடி. பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று, சாமான் என்று போனால் சொகுசு.

கூடாரம் தோப்புக்குள்தான், கண்மாய்க் கரையில் இல்லை. கரை ஓரமாக அய்யனார் கோயில் இருக்கிறது, அங்கே படுப்பது மரியாதையும் இல்லை. கரை வழியே பாம்பு நடமாட்டமும் உண்டு. சித்தி கொடுத்தனுப்பிய வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் சனிக்கிழமைக்குப் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த விராலைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகக் கழுவி, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தோம். விரால் சதை கெட்டி, எவ்வளவு கொதித்தாலும் உதிராது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. கண்மாய் ஆழம் சீராக இருக்காது. கரம்பை மண்ணும் சவுட்டு மண்ணும் அள்ளிய பள்ளங்கள் உள்ளே கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் அடுத்த அடி வைத்தால் ஆளுயரம் போய்விடும். நீச்சல் தெரிந்தாலும் மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது. பெட்டியோடு இலவசமாக வரும் அங்கி என் மகளுக்குத் தோளுக்கு மேலே ஏறிவிட்டது, காதுவரை வந்தது. அவள் எடைக்குத் தகுந்ததைத் தனியாக வாங்கினேன். மடை திறந்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பறவை பார்க்கத்தான் கயாக் வேண்டும் என்பவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 1977 முதல் அது சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கூட்டில் இருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே கரையில் நின்று பார்ப்பதுதான் அழகு. எங்கள் கண்மாயிலேயே பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் கயாக்கைக் கண்டு பறக்காமல் கிளையிலேயே இருந்தன. நாங்களும் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றோம்.

யார் வாங்கலாம்? மாடி வீட்டில் இருக்கிறவர்கள், சின்னக் கார் வைத்திருப்பவர்கள், குடும்பத்தோடு திறந்த தண்ணீரில் ஓட்டி, அல்லி ஓரத்தில் தூண்டில் போட நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாரா வாரம் கருவேலத்துக்குள் புகுந்து விரால் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக்தான் வேண்டும். அதைக் காரின் மேல் கட்ட வேண்டும், வைக்க இடம் வேண்டும், விலையும் கூட. நான் இதையே வைத்துக்கொள்கிறேன், சாக்கு உறையோடு.

திரும்பி வந்ததும் மடித்து வைப்பதற்கு முன்னால் நன்றாகக் கழுவி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயப் போடுங்கள். தரைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கில் கண்மாய்ச் சேறு தங்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். பழைய பல் விளக்கும் பிரஷ் போதும். ஒட்டுப் பசையை மட்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வருவது ஒரு சின்ன டியூப், ஒருமுறை திறந்தால் அடுத்த தடவைக்குள் காய்ந்து கட்டியாகிவிடுகிறது.